மக்கு டீச்சர்

"இன்னும் கொதிக்கல. வெதுவெதுப்புக்கே வரலையே" என்று ஒரு மக்கை எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த மக்குக்கு நகர்கிறார் டீச்சர். நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்துப் படியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் மக்கு மடியில். எல்லார் வீட்டுக் குளியலறையிலும் வாளிக்குள் மிதக்குமே, அதேதான். அதில் முக்கால்வாசித் தண்ணீர். வாயையும் மூக்கையும் அதற்குள் வைத்து மூச்சை விட வேண்டும். குமிழி கிளம்பித் தண்ணீர் தளதளவென்று புரண்டால், டீச்சரின் பாஷையில் அதற்குக் கொதிப்பது என்று பெயர். "கொதிச்சிருச்சு, இறக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் மக்கை இறக்கிவிட்டுப் பிள்ளை குளத்தில் இறங்கலாம்.

கை வீசுவது, கால் உதைப்பது, மிதப்பதெல்லாம் அதற்கு அப்புறம். சில பிள்ளைகளுக்கு முதல் நாளே கொதித்துவிடும். சிலருக்கு ஒரு வாரம் பிடிக்கும். பணம் கட்டிச் சேர்த்த பிள்ளை ஒரு வாரமாக மக்கில் ஊதிவிட்டு வருவதைப் பார்த்தால் பெற்றவர்களுக்கு வயிறு எரியாதா? "மக்குல ஊதறதுக்கு எங்க வீட்டு பாத்ரூமே போதுமே" என்று ஒரு தகப்பனார் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முணுமுணுத்தார். டீச்சருக்குப் பாம்புச் செவி. "தாராளமா போதும் சார். வீட்லயே கொதிக்க வச்சுக் கூட்டிட்டு வாங்க, நேரா இறக்கிடலாம்" என்றார். குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை.

மக்கு டீச்சர் என்ற பெயர் இப்படி வந்ததுதான். யார் வைத்தது என்று தெரியாது. பிள்ளைகள் அதில் குறும்பு எதுவும் நினைக்கவில்லை. மக்கு வைத்திருப்பவர் மக்கு டீச்சர், அவ்வளவுதான். சங்கடமெல்லாம் பெரியவர்களுக்கு. வாசல்வரைக்கும் வந்துவிட்டு, நாக்கு நுனியில் இருக்கும் பெயரை விழுங்கிக்கொண்டு, "இங்க சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற... மேடம்..." என்று இழுப்பார்கள். "மக்கு டீச்சர்தானே, நான்தான். படிக்கிற காலத்துலயே வச்ச பேருதான். அப்ப டீச்சர் மட்டும் சேர்க்கல" என்று அவரே எடுத்துக் கொடுப்பார்.

முழங்கால்வரை நீளும் கருநீல நீச்சல் உடை. அதற்கு மேலே கணவரின் பழைய கட்டம்போட்ட சட்டை, பொத்தான் போடாமல். தலையில் இறுக்கமான ரப்பர் தொப்பி. அது இழுத்த இழுப்பில் புருவம் இரண்டும் சற்று மேலேறி, எந்த நேரமும் நல்ல செய்தி ஒன்றைக் கேட்டவர் மாதிரி இருப்பார். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். தொங்க வேண்டும் என்பது குளத்தின் விதி. ஊத வேண்டும் என்று விதியில் இல்லை என்பார். ஊதி யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளின் மக்குகள் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். அடுக்கில் சேராமல் தனியாக ஒரு பச்சை மக்கு, கைப்பிடி உடைந்தது. அது டீச்சருடையது. அதை யாரும் தொடக் கூடாது.

அந்தப் பச்சை மக்குக்கு ஒரு கதை உண்டு. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்பார்கள். டீச்சர் மீன் குஞ்சு இல்லை. கல்யாணமாகி, மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நீச்சல் கற்றவர். மகனைச் சேர்க்க வந்த இடத்தில் அவன் இறங்க மாட்டேன் என்று அழ, "இதுல என்னடா இருக்கு" என்று தானே இறங்கிக் காட்டி, காட்டிய வேகத்தில் ரெண்டு வாய் குடித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரியே குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பச்சை மக்கில் முகத்தை வைத்துப் பழக ஆரம்பித்தார். மகன் பிறகு கற்றுக்கொண்டு, சலித்துப்போய், பந்து விளையாடப் போய்விட்டான். அம்மா குளத்தை விட்டு வெளியே வரவில்லை.

ஊருக்கெல்லாம் மூச்சு விடச் சொல்லித் தருகிறவர், பேச ஆரம்பித்தால் மூச்சு விடாமல் பேசுவார். காற்புள்ளி உண்டு, முற்றுப்புள்ளி கிடையாது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் தட்டில் கை வைத்தபடி காத்திருந்து பார்த்துவிட்டு, "எல்லாப் பிள்ளைக்கும் மூச்ச விடு மூச்ச விடுங்கறே. நடுவுல நீயும் ஒரு தடவ விட்டா நானும் ஒரு வார்த்த பேசுவேன்" என்பார். இன்னொன்றும் சொல்லுவார். குளத்துத் தண்ணீரில் போடும் குளோரின் மருந்தின் வாசனை டீச்சரின் தலைமுடி, துண்டு, பை எல்லாவற்றிலும் ஊறிப்போய்விட்டது. டீச்சருக்கு அது தெரிவதே இல்லை. இத்தனை வருஷத்தில் மூக்குப் பழகிவிட்டது. "மூக்கு இருக்கிற யாருக்கும் நீ தெரு முனையில வர்றது தெரிஞ்சிடும்" என்பது கணவரின் கட்சி. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்பது இவருடையது.

குளத்தின் ஆழமான பக்கம் கம்பு மாஸ்டரின் ராஜ்ஜியம். கையில் நீளமான அலுமினியக் கம்பு வைத்திருப்பார். அவர் வழி வேறு. ரெண்டு நாள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உதைக்க வைப்பார், மூன்றாம் நாள் ஆழத்தில் குதிக்கச் சொல்வார். குதித்தவர் தத்தளித்தால் கம்பு நீளும். "தலைக்கு மேல போனா சாண் என்ன முழம் என்ன டீச்சர். பயம் ஆழத்துலதான் இருக்கு, அங்க போய்த்தான் அத விட்டுட்டு வரணும்" என்பார். அவரிடம் சேர்ந்த பெரிய பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு நாளில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வருவார்கள். டீச்சரின் பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்கு மேலாகும். அதை மாஸ்டர் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

"நிறைஞ்ச மக்குல தண்ணி ஊத்த முடியுமா மாஸ்டர்" என்று டீச்சர் ஆரம்பிப்பார். "மூச்ச உள்ளயே அடக்கி வச்சுட்டு மேல வந்தா, விடறதா வாங்கறதான்னு திண்டாடி, காத்துக்குப் பதிலா தண்ணிய வாங்கிக்கும் புள்ள. கீழயே விட்டுட்டு வந்தா மேல வாங்கறது ஒண்ணுதான் வேல. உங்க பிள்ளைங்க வேகமா போவாங்க, நான் இல்லங்கல, ஆனா மூஞ்சியப் பாருங்க, போலீஸ் துரத்தற மாதிரில்ல போறாங்க, என் பிள்ளைங்க கடைக்குப் போற மாதிரி போவாங்க." மாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒரு வகுப்பே முடிந்துவிடும். இருவருக்கும் இதில் வெற்றி தோல்வி கிடையாது. டீ வந்தால் பாதிப் பாதி ஊற்றிக் குடிப்பார்கள்.

எந்தப் பிள்ளைக்கும் டீச்சர் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார். அப்படி வந்து சேர்ந்தவள்தான் பலூன். முதல் வகுப்புப் படிக்கிற பெண். ஆரஞ்சு மக்கைக் கொடுத்து மூச்சை விடச் சொன்னதும், கன்னம் இரண்டையும் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். வைத்தவள் வைத்தபடியே இருந்தாள். ஒரு குமிழி வரவில்லை. முகம் சிவந்த பிறகு நிமிர்ந்து, தலையைப் பின்னால் திருப்பி, யாரும் பார்க்காத திசையில் மூச்சை விட்டாள்.

சாதாரணமாகத் தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளைதான் ஊதாது. இவளுக்குப் பயம் இல்லை. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மக்கின் அடியில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரைப் படித்துச் சொன்னாள். "மூச்ச விடு கண்ணு" என்றால் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். டீச்சர் கெஞ்சினார், கொஞ்சினார். தண்ணீரில் காகிதப் படகு விட்டு ஊதச் சொன்னார். தன் விசிலைக்கூடக் கழற்றிக் கொடுத்தார். "மூச்ச விட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. டீச்சர்கிட்டதானே விடறே" என்று தேனாகப் பேசினார். அப்படிப் பேசும்போதுதான் பலூன் டீச்சரை ஒரு மாதிரி பார்த்தாள். போட்டு வாங்கப் பார்க்கிறவர்களைப் பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. டீச்சருக்கு அது அப்போது புரியவில்லை.

"பிடிவாதம் டீச்சர். என் பக்கம் அனுப்புங்க, ரெண்டு நாள்ல தானா விடும்" என்றார் மாஸ்டர். டீச்சர் அனுப்பவில்லை. ஆனால் மற்ற பிள்ளைகளெல்லாம் தண்ணீரில் அளையும்போது இவள் மட்டும் படியில் ஆரஞ்சு மக்கோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது டீச்சருக்குத் தாங்கவில்லை. ஒரு நாள், தானே போட்ட சட்டத்தைத் தானே மீறி, கொதிக்காத பிள்ளையைக் குளத்தில் இறக்கினார். இறக்கினால் என்ன அழகு. மல்லாக்க மிதந்தாள். தவளை மாதிரி உதைத்தாள். எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு. நாளாக ஆக வந்துவிடும் என்று டீச்சர் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார்.

அன்றைக்கு வளையம் எடுக்கும் விளையாட்டு. இடுப்பளவு தண்ணீரில் கலர் வளையங்களைப் போட்டுவிட்டு முங்கி எடுத்து வர வேண்டும். ஒரு பையனுக்குத் தண்ணீர் மூக்கில் ஏறி அவன் அழ, டீச்சர் அவன் பக்கம் திரும்பி முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து கம்பு மாஸ்டரின் குரல் வந்தது. "டீச்சர், பலூன் மேல வரல."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. ஆனால் பையனின் முதுகிலிருந்து டீச்சரின் கை சட்டென்று விலகியது. திரும்பினால் தண்ணீருக்கு அடியில் ஆரஞ்சு நீச்சல் உடை அசையாமல் தெரிந்தது. பாய்ந்து போய் இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினார். கன்னம் உப்பி, கண் அகலத் திறந்து, உதடு நீலம் பாரித்து இருந்தாள். தூக்கிய வேகத்தில் அடக்கி வைத்திருந்த காற்று வெடித்துக்கொண்டு வெளியே வந்தது. பிறகு இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள். கையில் வளையம் பத்திரமாக இருந்தது. மாஸ்டர் ஓடி வந்து பார்த்தார். "ஒரு சொட்டுகூட உள்ள போகல" என்றார். டீச்சர் பிள்ளையைக் கட்டம்போட்ட சட்டைக்குள் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு மேல வரல?"

"மேல வந்தா மூச்சு வந்துடும்" என்றாள் பலூன், இதுகூடவா தெரியாது என்பதுபோல.

மாஸ்டர் குரலைத் தணித்துக்கொண்டு, "மேனேஜர் காதுக்குப் போனா பிள்ளைய நிறுத்திடுவாரு. உங்களையும் நாலு வார்த்த கேப்பாரு" என்றார்.

"அவங்க அம்மாகிட்ட இப்பவே நான் சொல்லிடறேன் மாஸ்டர், மறைக்கப் போறதில்ல. மேனேஜர்கிட்டயும் நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீங்க அவர்கிட்ட மூச்சு விடாதீங்க."

மடியில் இருந்த பலூன் சட்டென்று தலையைத் தூக்கி மாஸ்டரைப் பார்த்தாள். பாவம் இவரும் மாட்டிக்கொண்டாரே என்று இரக்கப்படுகிற பார்வை. மாஸ்டர் ஓடி வந்த களைப்பில் கம்பை ஊன்றிக்கொண்டு பெருமூச்சு ஒன்று விட்டார். பலூனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டீச்சர், மாஸ்டர் மூச்சு விட்டுட்டாரு. இப்ப மேனேஜருக்குத் தெரிஞ்சிடும்."

டீச்சர் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாகக் கேட்டார். "உனக்கும் யாராச்சும் மூச்சு விடாதேன்னு சொல்லியிருக்காங்களா கண்ணு?"

பலூன் ரொம்ப யோசித்தாள். வாயைத் திறக்காமல், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பிள்ளையை விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்த அம்மா, கையில் பையோடு வந்து விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டார். அழுது ஓய்ந்த பிறகுதான் பேச்சு வந்தது. "நீச்சலுக்கு வர்றத அப்பாகிட்ட மூச்சு விடாதேன்னு சொன்னேன் டீச்சர். மூச்சு விட்டா அவருக்குத் தெரிஞ்சு போகும், அப்புறம் நீச்சலே கிடையாதுன்னேன். அவ்ளோதான் சொன்னேன்."

"அவ்ளோதான். அதையேதான் அட்சரம் பிசகாம செஞ்சிட்டிருக்கா. பெத்தவங்க பேச்ச இவ்வளவு கேக்கற பிள்ளைய நான் பார்த்ததில்லம்மா" என்றார் டீச்சர்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவர். தண்ணீர் என்றால் மட்டும் ஆகாது. "குளிக்கும்போதுகூடக் கழுத்துக்குக் கீழதான் மக்குல ஊத்திக்குவாரு டீச்சர். தலைய, மூஞ்சிய ஈரத் துண்டால தொடச்சுக்கறதோட சரி. பாப்பாவ நீச்சல்ல விடலாமான்னு ஒரு தடவ கேட்டேன். எழுந்து வெளிய போயிட்டாரு. அன்னிக்கு முழுக்கச் சாப்பிடல. அதுக்கப்புறம் கேக்கல, நானா கூட்டிட்டு வந்துட்டேன்."

அம்மா பிள்ளையின் பக்கம் குனிந்தார். "அது வேற மூச்சு கண்ணு, இது வேற மூச்சு. தண்ணில நீ விடலாம்."

"எது வேற?" என்றாள் பலூன்.

அம்மா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கம்பைப் பார்த்தார். மூக்குக்கு ரெண்டு துவாரம் உண்டு, மூச்சு ஒன்றுதானே இருக்கிறது. "விட்டா அப்பாக்குத் தெரிஞ்சிடும்" என்று பலூன் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"அவ சொல்றதுதான் சரி" என்றார் டீச்சர். "அவங்க அப்பாக்குத் தெரியற வரைக்கும் இவ மூச்சு விட மாட்டா. மூச்சு விடற வரைக்கும் நான் இறக்க மாட்டேன். ஒரு தடவ சட்டத்த மீறினதே போதும். போய்ச் சொல்லிடுங்கம்மா. உங்களால முடியலன்னா கூட்டிட்டு வாங்க, நான் சொல்றேன்."

அம்மா பையை எடுத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். டீச்சர் அன்று மாலையே மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். வளையம் எடுக்கும் விளையாட்டு அத்துடன் நின்றது.

மறுநாள் பலூன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. டீச்சர் வகுப்பு எடுத்தார், மக்குகளை எட்டிப் பார்த்தார், கொதித்ததை இறக்கச் சொன்னார். ஆரஞ்சு மக்கை மட்டும் வேறு பிள்ளைக்குக் கொடுக்காமல் தன் பச்சை மக்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். கண்ணை மூடினால் தண்ணீருக்கு அடியில் அசையாமல் இருந்த ஆரஞ்சு உடைதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு இனி எந்தத் தண்ணீரைக் கண்டாலும் ஆசை இருக்கும், பயம் இருக்காது, மூச்சு விடவும் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு பிள்ளையை உருவாக்கி அனுப்பிவிட்டோமே என்று நினைக்கும்போதெல்லாம் கவிழ்த்து வைத்த அந்த மக்கைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். வீட்டில் கணவர் கவலையோடு நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "உடம்புக்கு என்ன? ஒரு வாக்கியம் முடிஞ்சதும் நிறுத்தறியே."

அந்த வாரக் கடைசியில் மூன்று பேராக வந்தார்கள். அப்பா வேலை உடையிலேயே இருந்தார், தோளில் கருவிப் பை. நடைபாதையில் குளத்தின் பக்கம் போகாமல் சுவரை உரசிக்கொண்டே வந்தார். தண்ணீருக்கும் அவருக்கும் நடுவே அம்மாவும் பிள்ளையும். அம்மா முந்திக்கொண்டு டீச்சரிடம் கிசுகிசுத்தார். "நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டேன் டீச்சர். ஒரு வார்த்த பேசல. நாளைக்கு நானும் வர்றேன்னாரு, திரும்பிப் படுத்துட்டாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

டீச்சர் பேசத் தயாராகத்தான் இருந்தார். இத்தனை நாளும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஆனால் அப்பா தானே ஆரம்பித்தார்.

"இவ வயசுல எங்க மாமா என்னைக் கால்வாய்ல தூக்கிப் போட்டாரு டீச்சர். தள்ளி விட்டா தானா வரும்னாரு. வரல."

அந்தப் பக்கம் கம்பு மாஸ்டர் கையில் இருந்த கம்பைச் சத்தம் இல்லாமல் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அவரு நல்ல மனுஷன்தான். அவரு அப்படித்தான் கத்துக்கிட்டாரு. எடுத்துப் போட்டாங்க, பிழைச்சுக்கிட்டேன். ஆனா அன்னிக்கு உள்ள போன பயம் வெளிய வரல." அப்பா மனைவி பக்கம் திரும்பினார். "நீ இவள இங்க கூட்டிட்டு வர்றது எனக்கு முதல் நாளே தெரியும்."

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "எப்படி?"

"சாயங்காலம் வந்து மடியில உக்காருவா. தலையெல்லாம் மருந்து வாசன. நான் லிஃப்ட் பாக்கப் போற ஹோட்டல்ல மொட்ட மாடியில நீச்சல் குளம் இருக்கு, அதே வாசன. எனக்கு மூக்கு இல்லையா?"

கணவர் தெரு முனையைப் பற்றிச் சொன்னது டீச்சருக்கு நினைவு வந்தது. அனிச்சையாகத் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?" என்றார் அம்மா.

"கேட்டா, போகாதேன்னுதான் என் வாயில வரும். சொல்லிட்டா நீங்க நின்னுடுவீங்க. என் பயம் என்னோட போகட்டும்னு இருந்தேன். அதான் நானும் மூச்சு விடல."

பலூன் இவ்வளவு நேரமும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கடைசி வார்த்தை கேட்டதும் அவர் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நீயுமா மூச்சு விடல?"

"ஆமாண்டா தங்கம்."

"இவ்ளோ நாளா?"

"இவ்ளோ நாளா."

"அப்ப உனக்குத் தெரியுமா? நீச்சலு?"

"தெரியும். எல்லாம் தெரியும்."

"அப்ப நான் விடலாமா?"

ஆரஞ்சு மக்கு எதிரே கவிழ்ந்திருந்தது. அதை டீச்சர் நிமிர்த்தி, தண்ணீர் மொண்டு கொண்டுவந்து பிள்ளையின் கையில் கொடுத்தார். மக்கு தளும்பியது. தளும்பிய தண்ணீரிலிருந்து அப்பாவின் கால் தானாகப் பின்வாங்கியது. பிறகு அவரே அந்தக் காலை இழுத்து முன்னால் வைத்தார்.

"விடும்மா" என்றார்.

பலூன் முகத்தை மக்குக்குள் வைத்தாள். முதலில் ஒரே ஒரு குமிழி வந்து உடைந்தது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடி குனிந்தாள். அப்புறம் விட்டாளே பார்க்க வேண்டும், இத்தனை நாளாகச் சேர்த்து வைத்ததை எல்லாம். தண்ணீர் தளதளத்துப் பொங்கி, விளிம்பு தாண்டி, அப்பாவின் பூட்ஸ் மேல் கொட்டியது. அம்மா ஒரே நேரத்தில் சிரிக்கவும் அழவும் செய்தார். படியில் வரிசையாக இருந்த பிள்ளைகள் ஊதுவதை நிறுத்திவிட்டு, "பலூன் கொதிச்சிருச்சு" என்று கூவினார்கள்.

அப்பாடா என்று இருந்தது டீச்சருக்கு. நாள் கணக்காக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்த மாதிரி இருந்தது. "இறக்கு" என்று அவர் சொன்னது பிள்ளைகளின் கூச்சலில் கேட்கவில்லை. கையால் காட்டினார். பலூன் மக்கை இறக்கிவிட்டுக் குளத்தில் இறங்கினாள். முங்கினாள். அவள் முங்கிய இடத்தில் குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே வந்தன. குமிழி வந்த இடத்திலேயே அவளும் வந்தாள், வாய் நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு, மறுபடி முங்கினாள்.

மாஸ்டர் எட்ட நின்று பார்த்துவிட்டு, "இதுவே என்கிட்ட வந்திருந்தா ரெண்டு நாள்ல விட்டிருக்கும்" என்றார், பழக்க தோஷத்தில். சொன்னவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அப்பா சுவரை விட்டு நகர்ந்து வந்திருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. நனைந்த பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் மடித்து வைத்துவிட்டு, மேல் படியில், தண்ணீர் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். மகள் முங்கும்போதெல்லாம் அவர் கை படியின் விளிம்பை இறுகப் பிடிக்கும். குமிழி வந்ததும் பிடி தளரும். அவள் மேலே வந்து, "பார்த்தியாப்பா?" என்பாள். "பார்த்தேன்" என்பார். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தே இருந்தது.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு அவரிடம் இல்லாத பேச்சா. ஆனால் மக்கு அடுக்கின் பக்கம் போய், யாரும் தொடக் கூடாத அந்தப் பச்சை மக்கை எடுத்தார். குளத்தில் குனிந்து முக்கால்வாசி மொண்டார். அப்பா உட்கார்ந்திருந்த படியில், அவருடைய கைக்கு எட்டுகிற தூரத்தில் அதை வைத்தார். உடைந்த கைப்பிடி விரலைக் குத்திவிடாதபடி மக்கைத் திருப்பி வைத்துவிட்டு, வேறு பிள்ளைகளின் பக்கம் போய்விட்டார்.